பூஜ்யம் நிமிஷம், பூஜ்யம் வினாடி: ஸ்லை ஸ்டோனும் ‘பிரதிநிதி’ என்கிற சுமையும்

1990களின் நடுவில் ஒரு நண்பர் கேசட் ஒன்று பதிவு செய்து கொடுத்தார். ‘கறுப்பர் இசை பற்றி எழுதப் போகிறேன்’ என்று பார்ப்பவரிடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. போட்டுக் கேட்டால் ஒரே மப்பு. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. தாளம் துணி சுற்றி அடித்த மாதிரி இருக்கிறது. ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். அதுவும் போதாதென்று பக்கத்திலிருக்கிற குட்டி ஸ்குரூவைத் திருகித் திருகி, மற்ற கேசட்டுகளையும் கேட்க முடியாதபடி பண்ணிக்கொண்டதுதான் மிச்சம். பல வருஷங்களுக்குப் பிறகு அதே இசைத்தட்டு குறுந்தகடாகக் கிடைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. கோளாறு கேசட்டிலும் இல்லை, பிளேயரிலும் இல்லை. அந்த இசை பதிவானதே அப்படித்தான். நாடா தேயத் தேய ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, அழித்து, மறுபடி ஏற்றி உண்டாக்கிய மப்பு அது. 1971 நவம்பரில் வெளியான அந்தத் தட்டுதான் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கும் போயிருக்கிறது. ‘தேர்ஸ் எ ரயட் கோயிங் ஆன்’ - ‘ஒரு கலவரம் நடந்துகொண்டிருக்கிறது’ என்பது அதன் பெயர்.

அதைச் செய்த ஸ்லை ஸ்டோன் 2025 ஜூன் 9 அன்று லாஸ் ஏஞ்சலஸில் தனது 82ஆவது வயதில் இறந்து போனார். பாடகர், ஆர்கன் வாசித்தவர், பாடல் எழுதியவர், ஒரு குழுவைக் கட்டியவர், கலைத்தவர். அஞ்சலிக் குறிப்புகளில் பெரும்பாலானவை இரண்டு அச்சில்தான் வார்க்கப்பட்டிருந்தன. ஒன்று: கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே மேடையில் ஏற்றிய சமாதானப் புறா. மற்றது: போதைப் பொருளால் நாசமாய்ப் போன மேதை. இரண்டையும் ஒட்டிவிட்டால் ‘எழுச்சியும் வீழ்ச்சியும்’ என்கிற ரெடிமேட் கதையாடல் கிடைத்துவிடுகிறது. மூன்றாவது குரல் ஒன்றும் உண்டு. அது நம் பக்கத்துக் குரல். ‘இயக்கம் உச்சத்தில் இருந்தபோது விலகிப் போய் மாளிகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டவன்தானே?’ என்று ஒரு தோழர் கேட்டார். எனக்குப் பிரச்சினை இந்த மூன்றாவதோடுதான். முதல் இரண்டும் எதிரியின் சொல்லாடல் என்று ஒதுக்கிவிடலாம். இது நாம் சொல்வது.

ஸில்வெஸ்டர் ஸ்டூவர்ட் பிறந்தது 1943 மார்ச் 15, டெக்ஸாஸ் மாநிலத்து டென்டனில். ஐந்து பிள்ளைகளில் இரண்டாவது. குடும்பம் கலிஃபோர்னியாவின் வலேஹோவுக்குக் குடிபெயர்ந்தது. வலேஹோ, மேர் ஐலண்ட் கடற்படைக் கப்பல் தளத்தை நம்பிய ஊர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பு உழைப்பாளிகள் வந்து குவிந்த இடங்களில் அதுவும் ஒன்று. 1910க்கும் 1970க்கும் இடையில் ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பர்கள் தெற்கை விட்டு வெளியேறினார்கள். ஓக்லண்டும் வலேஹோவும் அந்தப் பெயர்ச்சியின் மேற்குக் கரை. பிறகு ஓக்லண்டில் சிறுத்தைகள் தோன்றியதற்கும் இதே பெயர்ச்சிதான் அடிப்படை என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இசையும் அரசியலும் ஒரே ரயிலில் வந்து இறங்கியவை.

ஸ்டூவர்ட் குடும்பம் ‘சர்ச் ஆஃப் காட் இன் க்ரைஸ்ட்’ என்கிற பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தது. தெற்கில் தோன்றி, கறுப்பர்களால் கறுப்பர்களுக்காக நடத்தப்பட்டது. ‘மரியாதையான’ கறுப்பர் சபைகள் வெள்ளையரின் ஆராதனை ஒழுங்கைப் பார்த்து அடங்கி உட்கார்ந்திருந்த காலத்தில், இவர்கள் டிரம், தம்புரீன், கிட்டார் எல்லாவற்றையும் பீடத்துக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். கைதட்டலும் காலடியும் ஆராதனையாயின. 1930களின் நடுவில் லாரன்ஸ் ஹாமண்ட் சந்தைக்குக் கொண்டுவந்த மின்சார ஆர்கன், குழாய் ஆர்கன் வாங்க வக்கில்லாத சபைகளுக்கு வரப்பிரசாதமாக அமைந்தது. பணக்காரக் கோயிலின் கம்பீரத்துக்கு மலிவான பதிலியாக விற்கப்பட்ட கருவியை வேறு மாதிரிப் பேச வைத்தவர்கள் இந்த ஏழைச் சபைகளின் வாசிப்பவர்கள்தான். பிரசங்கியின் வாக்கியம் முடியுமுன் அதைப் பிடித்துக்கொண்டு உயர்த்துவது, ஜனங்களின் கூச்சலுக்குப் பதில் சொல்வது, மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு சுரத்தை இழுத்துப் பிடிப்பது - இது ஒரு பேச்சுவழக்கு. ஸ்லையின் கைகள் பழகியது இந்தப் பேச்சை. 1952இல், ஒன்பது வயதில், சகோதர சகோதரிகளோடு ‘ஸ்டூவர்ட் ஃபோர்’ என்ற பெயரில் ஒரு காஸ்பல் தட்டு பதிவு செய்தாயிற்று. ‘ஸ்லை’ என்ற பெயர் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் ஸில்வெஸ்டரைத் தப்பும் தவறுமாக எழுதியதில் வந்தது. எழுத்துப் பிழையைப் பெயராக வைத்துக்கொண்டவன் பிற்காலத்தில் ஒரு பாட்டின் தலைப்பையே வேண்டுமென்று பிழையாக எழுதினான்.

உயர்நிலைப்பள்ளியில் ‘விஸ்கேன்ஸ்’ என்றொரு பாட்டுக் குழு. அதில் வெள்ளைப் பிள்ளைகளும் ஃபிலிப்பினோ பையனும் இருந்தார்கள். பிறகு வலேஹோ ஜூனியர் கல்லூரியில் இசைக் கோட்பாடு படித்தார். இதைச் சொல்லக் காரணம் உண்டு. கறுப்புக் கலைஞன் என்றாலே ‘ரத்தத்தில் ஊறியது’, ‘இயல்பான தாளம்’ என்று எழுதுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. பாராட்டு மாதிரித் தெரிகிற இந்த வசை, அவன் படித்ததையும் உழைத்ததையும் துடைத்தெறிந்துவிடுகிறது. ஸ்லை ஒத்திசைவுப் பாடப்புத்தகத்தை உட்கார்ந்து படித்தவர். தனக்குச் சொல்லிக்கொடுத்த டேவிட் ஃப்ரோலிக் என்கிற ஆசிரியரைக் கடைசி வரைக்கும் நன்றியோடு சொன்னவர்.

1960களின் நடுவில் சான் ஃப்ரான்சிஸ்கோ பகுதியின் கேஎஸ்ஓஎல் வானொலியில் அறிவிப்பாளர் வேலை. பிறகு ஓக்லண்டின் கேடிஐஏ. இவை கறுப்பு நேயர்களுக்கான நிலையங்கள். அமெரிக்க இசைச் சந்தை அன்று முழுக்க நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தது. ‘பில்போர்ட்’ பத்திரிகை கறுப்பர் தட்டுகளை 1949 வரை ‘இனத் தட்டுகள்’ என்றே பட்டியலிட்டது. பிறகு ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’, 1969இல் ‘ஸோல்’. பெயர் மாறிக்கொண்டே இருந்தது, வேலி அப்படியே இருந்தது. அந்த வேலிக்குள் உட்கார்ந்துகொண்டு ஸ்லை பீட்டில்ஸையும் பாப் டிலனையும் ஒலிபரப்பினார். அதே சமயம் ‘ஆட்டம் ரெக்கார்ட்ஸ்’ கம்பெனிக்காக வெள்ளை ராக் குழுக்களின் பதிவுகளை மேற்பார்வை செய்தார். 1964இல் பாபி ஃப்ரீமனுக்கு அவர் செய்த நீச்சல் நடனப் பாட்டு நாடு முழுக்க ஓடியது. இருபத்தோரு வயதுக் கறுப்புப் பையன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வெள்ளைக் குழுக்களிடம் ‘இன்னொரு தடவை வாசி’ என்று சொல்வது அன்றைக்குச் சாதாரண விஷயமில்லை.

1966இல் தன் குழுவையும் தம்பி ஃப்ரெடியின் குழுவையும் சேர்த்து ‘ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன்’ உருவானது. ஃப்ரெடி கிட்டார். லாரி கிரஹாம் பாஸ். சிந்தியா ராபின்சன் டிரம்பெட். ஜெரி மார்ட்டினி சாக்ஸஃபோன். கிரெக் எரிகோ டிரம்ஸ். பிறகு தங்கை ரோஸ் பியானோவில் சேர்ந்தார். மார்ட்டினியும் எரிகோவும் வெள்ளையர். நிறக் கலப்பைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது சிந்தியா. மேடையில் பெண் என்றால் மின்னுகிற உடுப்பில் பின்பாட்டு என்றிருந்த நாளில், ஒரு கறுப்புப் பெண் டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். நடுநடுவே கூட்டத்தைப் பார்த்து அதட்டல் வேறு. டிரம்பெட் ஆம்பளை வாத்தியம் என்ற எண்ணம் ஜாஸில் கோலோச்சிய தேசத்தில், இது வெறும் அலங்காரமில்லை.

லாரி கிரஹாமின் கட்டைவிரலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர் தன் தாயாரோடு சேர்ந்து இரவு விடுதிகளில் வாசித்துப் பிழைத்தவர். தாயார் பியானோ. டிரம்ஸ்காரர் போன பிறகு வேறு ஆள் வைக்க வசதியில்லை. அந்தக் குறையை ஈடுகட்ட பாஸ் கிட்டாரின் தடித்த தந்தியைக் கட்டைவிரலால் அடித்தும் மெல்லிய தந்தியைச் சுண்டியும் டிரம்மின் வேலையையும் தானே செய்யப் பழகினார். இன்று உலகமெங்கும் பாஸ் வாசிப்பவர்கள் கற்றுக்கொள்ளும் அந்த ‘அடி’ உத்தி ஒரு சம்பளத்தை மிச்சம் பிடித்ததில் பிறந்தது. பின்னாளில் உத்தி மட்டும் தனியாக, பொருளாதாரம் கழன்று, வகுப்பறைக்குப் போய்விட்டது.

முதல் இசைத்தட்டு (1967) விற்கவில்லை. நடனத்துக்கு ஏற்றதாக, எளிமையாக ஒன்று வேண்டும் என்று கம்பெனி கேட்டது. கேட்டதைக் கொடுத்தார். 1968இன் ‘டான்ஸ் டு த மியூசிக்’கில் ஒவ்வொரு வாத்தியமும் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டு உள்ளே வருகிறது. விற்பனைச் சரக்கு என்று கேட்டு வாங்கியதில் கூட்டுச் செயல்பாட்டின் செய்முறை விளக்கம் நுழைந்துவிட்டது. சரக்கு வேறு, கலகம் வேறு என்று கோடு கிழிக்கிற நம் ஆட்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம். அதற்குப் பிறகு டெட்ராய்ட்டின் மோட்டவுன் கம்பெனி உள்பட எல்லோரும் தங்கள் ஓசையை மாற்ற வேண்டியிருந்தது. 1969 பிப்ரவரியில் ‘எவ்ரிடே பீப்பிள்’ முதலிடம். அந்தப் பாட்டில் பாஸ் கிட்டார் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே சுரத்தைத்தான் வாசிக்கிறது. எல்லோரும் சமம் என்கிற எளிய செய்திக்கு அடியில் நகரவே நகராத ஒற்றைச் சுரம். பல வருஷம் கழித்து ஒரு கார் கம்பெனி விளம்பரத்துக்கு இந்தப் பாட்டு போய்ச் சேர்ந்தது. எளிய செய்திகளின் விதி அது.

அதே 1969இன் ‘ஸ்டாண்ட்!’ தட்டில், கறுப்பனும் வெள்ளையனும் ஒருவரையொருவர் வசைச்சொல்லால் கூப்பிடுவதைப் பற்றி ஒரு நீண்ட பாட்டு இருக்கிறது. தலைப்பே வசை என்பதால் வானொலிக்குப் போக வழியில்லை. சொற்பமான வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சுழற்றி, குரலைக் கருவி வழியாகச் சிதைத்து, ஏறத்தாழ ஆறு நிமிஷம் ஓடுகிற பாட்டு. சமாதானப் புறா என்று எழுதுபவர்கள் இதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஒற்றுமைப் பாட்டும் வசைப் பாட்டும் ஒரே தட்டில் இருக்கின்றன. எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை.

அந்தக் கோடையில் இரண்டு திருவிழாக்கள். ஜூன் 29 அன்று நியூயார்க் ஹார்லெம்மின் மௌன்ட் மோரிஸ் பூங்காவில், கறுப்பு ஜனங்களுக்கு முன்னால் குழு வாசித்தது. ஹார்லெம் கலாச்சார விழா ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தது. பாதுகாப்புக்குக் கறுஞ்சிறுத்தைகளும் நின்றார்கள். வெள்ளைக்காரன் டிரம்ஸ் அடிப்பதையும் பெண் டிரம்பெட் ஊதுவதையும் பார்த்து வாய் பிளந்து நின்றதை அங்கே இருந்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். ஏழு வாரம் கழித்து, ஆகஸ்ட் 17 விடியாத நேரம், வுட்ஸ்டாக். தூங்கிக் கிடந்த லட்சக்கணக்கான வெள்ளைப் பிள்ளைகளை இதே குழு எழுப்பி நிறுத்தியது. இரண்டுமே படம் பிடிக்கப்பட்டன. வுட்ஸ்டாக் படம் 1970இல் உலகமெங்கும் ஓடியது, ஆஸ்கர் வாங்கியது. ஹார்லெம் படச்சுருள்களை வாங்க ஆளில்லை. ஏறத்தாழ 50 வருஷம் கிடந்து, 2021இல் க்வெஸ்ட்லவ் இயக்கிய ‘சம்மர் ஆஃப் ஸோல்’ ஆக வெளிவந்தது. அரை நூற்றாண்டுக் காலம் ஸ்லை என்றால் வுட்ஸ்டாக் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வெள்ளைக் கூட்டத்தின் முன் நின்ற பிம்பம் சேமிக்கப்பட்டது, தன் ஜனங்கள் முன் நின்ற பிம்பம் பெட்டிக்குள் போடப்பட்டது. அப்புறம் நாமே ‘அவன் வெள்ளைக்காரர்களுக்கு வாசித்தவன்’ என்கிறோம்!

இனிச் சிறுத்தைகள். (‘சிறுத்தை’ என்கிற சொல் ஓக்லண்டில் 1966இல் எழுந்து, 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகளாகி, நம்மிடம் வந்த பாதை இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான்.) வெள்ளையர் இருவரையும் குழுவிலிருந்து நீக்கு, யூதரான மேலாளர் டேவிட் கப்ரலிக்கை நீக்கு, இன்னும் போர்க்குணமுள்ள இசையைச் செய் என்று சிறுத்தைகள் தரப்பிலிருந்து ஸ்லைக்கு அழுத்தம் வந்ததாக அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இதைப் படித்ததும் ‘பார்த்தாயா இயக்கக்காரர்களின் இனவாதத்தை’ என்று துள்ளிக் குதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்சியின் கொள்கை அப்படி இருக்கவில்லை. 1968இல் வெள்ளையர் அதிகமிருந்த அமைதி-சுதந்திரக் கட்சியோடு அவர்கள் கூட்டு வைத்தார்கள். சிகாகோவில் ஃப்ரெட் ஹாம்ப்டன் 1969இல் ஏழை வெள்ளை இளைஞர் அமைப்போடும் போர்ட்டோ ரீக்க இளைஞர்களோடும் அணி கட்டினார். அந்த டிசம்பர் 4 அன்று போலீஸ் அவரைப் படுக்கையிலேயே சுட்டுக் கொன்றது. கட்சிக்குள் உளவாளிகள், பொய்க் கடிதங்கள், ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம். எஃப்பிஐயின் கோயின்டெல்ப்ரோ ஆவணங்கள் 1971இல் வெளியானபோது அந்தச் சந்தேகங்கள் வீண் பிரமை அல்ல என்று தெரிந்தது. இப்படிப்பட்ட நாளில் நீ யார் பக்கம், உன் பக்கத்தில் நிற்பவன் யார் என்கிற கேள்வி எழாமல் இருக்காது.

சிறுத்தைகளுக்கே சொந்தமாக ஒரு குழு இருந்தது, ‘த லம்பன்’ என்ற பெயரில். 1970-71இல் கட்சி உறுப்பினர்களே நடத்திய ஃபங்க் குழு. கட்சிப் பத்திரிகை விற்பது உள்பட எல்லா வேலையும் செய்துகொண்டு, பிரபலமான ஸோல் பாடல்களின் மெட்டில் கட்சி வரிகளைப் போட்டுப் பாடினார்கள். சினிமா மெட்டில் இயக்கப் பாட்டு கட்டிப் பழகிய நமக்கு இது புதிதில்லை. லம்பன் குழுவை நான் கிண்டல் பண்ணவில்லை, அது அவசியமான வேலை. ஆனால் மெட்டு கடன் வாங்கியது. கடன் கொடுத்தவன் எங்கிருந்தோ ஒரு மெட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலைக்கு இயக்கத்தின் அட்டவணையில் இடமில்லை.

1970இலிருந்து ஸ்லை கச்சேரிகளுக்கு ஒழுங்காக வருவதில்லை. அந்த வருஷம் மூன்றில் ஒரு பங்குக் கச்சேரிகள் ரத்தாயின என்கிறார்கள். ஜூலை 27 அன்று சிகாகோ கிராண்ட் பூங்காவின் இலவசக் கச்சேரியில், குழு மேடையேறுமுன்பே கூட்டத்துக்கும் போலீசுக்கும் மோதல். பலர் காயம், பலர் கைது. பழி ஸ்லை மேல் விழுந்தது. லாஸ் ஏஞ்சலஸில் பெல் ஏர் மாளிகை, கொக்கேய்ன், ஏஞ்சல் டஸ்ட், துப்பாக்கி வைத்த அடியாட்கள். இதையெல்லாம் ரொமான்டிக்காக எழுத எனக்கு மனசில்லை. கூட இருந்தவர்கள் பயந்தார்கள், சம்பளத்தில் மனத்தாங்கல் இருந்தது. ‘குடும்பம்’ என்ற பெயரில் நடந்த கம்யூனில் பாடலாசிரியர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. முதலில் வெளியேறியது எரிகோ, 1971இல். அடுத்த வருஷம் கிரஹாமும் போனார்.

டிரம்ஸ்காரர் போன இடத்தில் ஸ்லை ஒரு இயந்திரத்தை வைத்தார். மேஸ்ட்ரோ ரிதம் கிங் என்கிற தாளப் பெட்டி. விடுதியில் தனியாக ஆர்கன் வாசிப்பவர்கள் துணைக்கு வைத்துக்கொள்ளச் செய்த மலிவு சாதனம். பொத்தானை அமுக்கினால் வால்ட்ஸ், போஸா நோவா என்று தாளம் வரும். சீரியஸான இசைக்காரர் யாரும் சீந்தாத பொருள். ஸ்லை அதை ‘ஃபங்க் பெட்டி’ என்றார். அந்த டிக்-டிக் ஓசைக்கு மேலே தானே பாஸ், தானே கிட்டார், தானே கீபோர்டு என்று ஏற்றினார். ‘ஃபேமிலி அஃபேர்’ பாட்டில் மின்பியானோ பில்லி பிரெஸ்டனுடையது. 1971 டிசம்பரில் அது முதலிடத்தில் இருந்தது. தாளப் பெட்டியை வைத்து முதலிடம் பிடித்த ஆரம்பப் பாடல்களில் ஒன்று. கூட்டுக் குழுவின் இடத்தில் தனியொருவனும் ஒரு இயந்திரமும். கம்யூன் உடைந்ததன் ஓசை இது என்று வாசிக்கலாம். பத்து வருஷம் கழித்து, வாத்தியம் வாங்கவும் குழு வைக்கவும் வழியில்லாத நியூயார்க்கின் கறுப்பு இளைஞர்கள் தாளப் பெட்டியையும் பழைய தட்டுகளையும் வைத்து ஹிப்-ஹாப்பைக் கட்டினார்கள். அவர்கள் வெட்டி ஒட்டிய தட்டுகளில் ஸ்லையுடையவை ஏராளம். அப்படிப் பார்த்தால் அது ஒரு ஆரம்பத்தின் ஓசையும் ஆகிறது. இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

1971ஐ நினைத்துப் பாருங்கள். ஆகஸ்டில் ஸான் க்வென்டின் சிறையில் ஜார்ஜ் ஜாக்சன் சுட்டுக் கொல்லப்படுகிறார். செப்டம்பரில் அட்டிகா சிறையைத் திரும்பக் கைப்பற்ற நடந்த துப்பாக்கிச் சூட்டில் 39 பேர் சாகிறார்கள். மே மாதம் மார்வின் கே ‘என்னதான் நடக்கிறது’ என்ற கேள்வியைத் தலைப்பாக வைத்து ஒரு தட்டு வெளியிட்டிருந்தார். நவம்பரில் வந்த ஸ்லையின் தலைப்பு அந்தக் கேள்விக்குப் பதில் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மார்வின் கேயின் தட்டு அழகு. வயலின்கள் கண்ணீர் துடைக்கும். ஸ்லையின் தட்டில் கண்ணீர் துடைக்க ஆளில்லை. குரல் முணுமுணுக்கிறது, திடீரென்று கத்துகிறது, பாதியில் விட்டுவிடுகிறது. ஒரு பாட்டில் கௌபாய் மாதிரி யோடலிங் பண்ணுகிறார், வெள்ளைக்காரக் கிராமியத்தின் அந்தரங்க அடையாளத்தைப் போதையில் கொக்கரித்துக் காட்டுவது போல. ஆட்டம் போட வைத்த 1970இன் ‘தேங்க் யூ’வை (தலைப்பே எழுத்துப் பிழையான அந்தப் பாட்டுதான்) கடைசிப் பாட்டாக மறுபடி எடுத்து, வேகத்தைக் குறைத்து, ஆஃப்ரிக்காவுக்கு நன்றி சொல்வதாகத் தலைப்பை மாற்றி, ஏழு நிமிஷம் இழுத்துக்கொண்டு போகிறார். தன் வெற்றியையே இவ்வளவு மெதுவாகக் கலைத்துக் காட்டியவர்கள் குறைவு. அட்டையில் அமெரிக்கக் கொடி. ஆனால் நீலம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு, நட்சத்திரங்களின் இடத்தில் சூரியன்கள்.

கிரெய்ல் மார்க்கஸ் தன் ‘மிஸ்டரி ட்ரெய்ன்’ (1975) நூலில் இந்தத் தட்டை ஸ்டேகர்லீ தொன்மத்தோடு வைத்துப் பேசுகிறார். 1895 கிறிஸ்துமஸ் இரவில் செயின்ட் லூயிஸ் சாராயக் கடையில் லீ ஷெல்டன் என்பவன் பில்லி லைன்ஸைச் சுட்டுக் கொன்றதிலிருந்து கிளைத்த கறுப்பு நாட்டார் பாத்திரம் ஸ்டேகர்லீ: யாருக்கும் கட்டுப்படாதவன், எல்லாவற்றையும் ஜெயிப்பவன், விலை கொடுக்காதவன். அந்த வேஷத்தின் உள்ளேயிருக்கும் வெறுமையை ஸ்லை திறந்து காட்டினார் என்பது மார்க்கஸ் வாசிப்பின் சாரம். நல்ல வாசிப்புதான், மறுக்கவில்லை. என் சங்கடம் வேறு. ஒரு கறுப்புக் கலைஞன் சமாதானம் பாடினால் அவன் ‘எல்லோருக்கும்’ பாடகன், கசந்துபோனால் அவன் ‘கறுப்புத் தொன்மம்’. மார்வின் கேயின் கேள்வியும் ஸ்லையின் மப்பும் தனிமனிதச் சோர்வாக, கைவினைத் தேர்வாக, பாவனையாகக்கூட இருக்கலாம் என்ற உரிமையை விமர்சனம் அவர்களுக்குக் கொடுப்பதில்லை. டிலன் காணாமல் போனால் அது கலைஞனின் தனிமை. ஸ்லை கச்சேரிக்கு வராவிட்டால் அது ஓர் இனத்தின் கனவு உடைந்த சம்பவம். 2025இல் வந்த க்வெஸ்ட்லவ்வின் ஆவணப்படத்துக்குத் துணைத்தலைப்பே ‘கறுப்பு மேதைமையின் சுமை’ என்பதுதான்.

இந்தச் சுமையை ஏற்றி வைப்பதில் நமக்கும் கை உண்டு என்பதால்தான் எழுதுகிறேன். எங்கள் வீதி நாடகக் குழுவில் ஒரு பையன் இருந்தான். சபையில் கீபோர்டு வாசித்துப் பழகியவன். ஒத்திகை முடிந்ததும் ஓரமாக உட்கார்ந்து தனக்குத் தோன்றியதை வாசித்துக்கொண்டிருப்பான். சோகமான, எங்கேயும் போய்ச் சேராத மெட்டுகள். ‘இதை வைச்சு என்ன பண்றது தம்பி? ஜனங்களுக்குப் புரியற மாதிரி எழுச்சியா ஏதாச்சும் போடு’ என்றேன். நான்தான் சொன்னேன், வேறு யாருமில்லை. அவன் ஒன்றும் பேசவில்லை, எழுச்சியாகப் போட்டான். ஒரு வருஷத்தில் வருவதை நிறுத்திக்கொண்டான். அவன் ஸ்லை ஸ்டோன் என்று சொல்ல வரவில்லை. அந்த மெட்டுகள் எதுவும் யாரிடமும் பதிவாக இல்லை, அவ்வளவுதான்.

மீதிக் கதை சுருக்கம். 1973இல் ‘ஃப்ரெஷ்’, நல்ல தட்டு. 1974இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் கல்யாணம், சீக்கிரமே பிரிவு. 1975 ஜனவரியில் நியூயார்க் கச்சேரிகளுக்குக் கூட்டமில்லை, குழு கலைந்தது. பிறகு கைதுகள், மறுவாழ்வு மையங்கள், மௌனம். 1980களில் அவரது பாடல்களின் பதிப்புரிமையை மைக்கேல் ஜாக்சன் வாங்கினார். ஸ்லை வேலிக்கு வெளியே பாய்ந்ததால் திறந்த சந்தையில் வளர்ந்தவரே ஸ்லையின் பாட்டுக்குச் சொந்தக்காரரானார். இதில் ஜாக்சனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சட்டப்படி நடந்த வியாபாரம். 2006 கிராமி விழாவில் நுனியில் நிறுத்திய வெள்ளை முடியோடு மேடைக்கு வந்து, கீபோர்டின்மேல் குனிந்து கொஞ்சம் வாசித்து, பாட்டு முடியுமுன்பே கையசைத்துவிட்டுப் போனார். 2011இல் அவர் லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் வேன் ஒன்றில் குடியிருப்பதாக நியூயார்க் நாளிதழ் ஒன்று எழுதியது. உரிமத் தொகையை ஏமாற்றிவிட்டார்கள் என்று பழைய மேலாளர்மீது போட்ட வழக்கில் 2015 ஜனவரியில் 50 லட்சம் டாலர் தரச் சொல்லி ஜூரி தீர்ப்பளித்தது. அந்த உரிமத்தை ஏற்கெனவே ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்ததைக் காட்டி அது பின்னர் ரத்தானது. அவர் பாட்டுத் துண்டுகளை வெட்டி ஒட்டி விற்ற தட்டுகள் - ஜேனட் ஜாக்சனின் ‘ரிதம் நேஷன்’ (1989) ஒன்றே போதும் - உலகமெங்கும் ஓடின. போதைதான் அவரை அழித்தது என்பவர்கள் இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். 2023இல் சுயசரிதை வந்தது. போதையை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது அப்போது.

அந்தக் கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டையில் நண்பர் பாட்டுத் தலைப்புகளைப் பால்பாயிண்ட் பேனாவால் வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். முதல் பக்கத்தில் ஆறு என்று எண் மட்டும் இருக்கும், எதிரே ஒன்றும் இருக்காது. மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். தட்டின் தலைப்புப் பாட்டு அது. மூலத் தட்டில் அதற்கு நேரம் 0:00 என்று அச்சாகியிருக்கிறது. கலவரம் என்று பெயர், பாட்டு கிடையாது. சிகாகோ பூங்கா மோதலைக் குறிக்கிறது என்று பலர் பல வருஷம் விளக்கம் எழுதினார்கள், நானும் ஒரு கூட்டத்தில் அப்படிப் பேசியிருக்கிறேன். கலவரம் என்று ஒன்று இருக்கவே கூடாது என்று தோன்றியதால் அப்படிச் செய்ததாகப் பிற்காலத்தில் ஸ்லை சொன்னார். நண்பரைக் கேட்டபோது அவர் சொன்னது வேறு: ‘தட்டுல பேரு இருந்துச்சு, ஊசி வைச்சா ஒண்ணுமே வரலை. என்ன எழுதறதுன்னு தெரியலை. சரி, நம்பரை மட்டும் போட்டு விட்டுட்டேன்.’